விழுவதற்கு ஒரு பாடக்குறிப்பு

அவளுக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது. நடைதான் ஞாபகம் இருக்கும்.

காஜா பெராங் சாலையில் நாங்கள் இருவரும் போகும்போது எதிரில் யாராவது வந்தால் நான் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆள் கடந்துபோனதும் முழங்கையால் என்னை இடிப்பாள்.

"பாத்தியாடி? இவரு ரொம்ப வருஷம் காண்டா தூக்குனவரு. தோள்ல இப்ப ஒன்னுமில்ல. ஆனா இடுப்பு இன்னும் வாளிக்கு எடம் விட்டு நடக்குது."

காண்டா என்பது தோட்டத்தில் ரப்பர் பால் வாளிகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கிற கம்பு. அந்த மனிதரோ கஞ்சி போட்ட சட்டையோடு பண்டார் ஹிலிரில் துணிக்கடையில் நிற்பவர். தோட்டத்திலிருந்து வந்தவர் என்று யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் விசாரித்தேன். அவள் சொன்னது சரிதான். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. மூன்று வருஷமாக நான் தினமும் வணக்கம் சொல்லி வந்த மனிதர் அவர்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவளிடம் அனுமதி கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஜாசினுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். மூன்று வயதில் காய்ச்சல் கண்டு இடது கால் சூம்பிவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டுதான் நடப்பாள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக முடியாது என்பதால் பன்னிரண்டு வயதிலேயே அவளை ஆயாக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள். பால் மரத்துக்குப் போகிற தாய்மார்களின் கைக்குழந்தைகளைத் தூளியில் போட்டு ஆட்டுகிற வேலை. அங்கிருந்து எப்படியோ படித்து, அடம்பிடித்து, காஜா பெராங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தாள். வாரம் முழுக்கப் பள்ளி. சனிக்கிழமை ஆசிரியர் பயிற்சி வகுப்பு. நானும் அதே பள்ளி, அதே வகுப்பு. அவள் அப்பாவும் என் அப்பாவும் பழைய கூட்டாளிகள் என்பதால் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். நான் ஒற்றைப் பிள்ளை. கூடப் பிறந்தவள் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்பதை அவள் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"சர்ட்டிபிகேட் வாங்கணும்டி. அது மட்டும் கையில இல்லன்னா மறுபடியும் தூளிதான். இந்த ஆயுசுக்கு நான் ஆட்டுன தூளி போதும்" என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

உடற்கல்வி வகுப்பில்தான் எல்லோரும் அவளுக்காகப் பாவப்பட்டார்கள். எங்கள் பயிற்சியாளர் கறாரானவர். கழுத்தில் விசில், அரைக்கால் சட்டை, முட்டிவரை காலுறை. முதல் நாளே அவளுக்கென்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். "நீங்க உட்கார்ந்து குறிப்பு எழுதினாப் போதும்மா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் நாற்காலியில் புத்தகப் பையை வைத்துவிட்டு எங்களோடு வரிசையில் வந்து நின்றாள்.

சேலை கட்டிய நாங்கள் பதினைந்து பேர். கையை உயர்த்தச் சொன்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பாதி உயர்த்துவோம். குனியச் சொன்னால் வெட்கம். அவர் வெறுத்துப்போய் எங்களை உட்காரவைத்துப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். மனித அசைவு மூன்று வகைப்படும். இடம்விட்டு நகர்வது ஒன்று. நின்ற இடத்திலேயே வளைவது, திரும்புவது, நீட்டுவது ஒன்று. பந்து, கயிறு போன்ற பொருளைக் கையாள்வது ஒன்று. நாங்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம்.

"சார், சும்மா நிக்கிறது இதுல எதுல சேரும்?" என்று கேட்டாள் அவள்.

"நிற்பது அசைவே இல்லையம்மா."

"ஒத்தக் கால்ல நின்னு பாருங்க சார்."

வகுப்பில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். ஆனால் அவரைச் சும்மா சொல்லக்கூடாது. விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"கணுக்கால் லேசா ஆடுதா சார்? உள்ளங்கால் அப்படியும் இப்படியும் அழுத்துதா? நீங்க விழாம இருக்க அது ஓயாம வேலை செய்யுது. நிக்கிறதும் அசைவுதான் சார். வெளிய தெரியறதில்ல, அவ்வளவுதான்."

அவர் காலைக் கீழே வைத்தார். பிறகு, "எல்லாரும் எழுதிக்குங்க" என்றார். அன்றிலிருந்து அந்த நாற்காலி வரவில்லை.

பிறகு ஒருநாள் நான் கேட்டேன், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று. "உனக்கு நடை ஓசியில வந்துச்சு, நீ எதுக்கு யோசிக்கப் போற? நான் ஒவ்வொரு அடியையும் யோசிச்சு எடுத்து வைக்கிறவ" என்றாள். அதில் கசப்பு கொஞ்சமும் இல்லை. அவளுக்கு அது ஒரு வசதி போலத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட ஒரு செட்டி குடும்பம். நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் வீட்டில் பேச்செல்லாம் அவர்களுக்கே உரிய மலாய் மொழியில். அந்த வீட்டம்மா சாரோங் கைலியும் கெபாயா மேற்சட்டையும் உடுத்திக்கொண்டு, பலகாரத் தட்டைத் தலைமட்டத்துக்குத் தூக்கியபடி எங்கள் மரப்படியில் ஏறி வருவார். ஒரு துளி சிந்தாது. இவள் கீழே குந்திக்கொண்டு அந்தக் கால்களையே பார்ப்பாள். ஒருநாள் தட்டு காலியானதும் அம்மாவின் கைலியைச் சுற்றிக்கொண்டு அதே தட்டைத் தூக்கி அதே படியில் ஏறப் பார்த்தாள்.

"நந்தி ஜாத்தோ" என்று பதறினார் அந்த அம்மா. விழுந்துவிடுவாயே என்று அர்த்தம்.

சொன்னபடியே விழுந்தாள். மூன்றாவது படியிலிருந்து பக்கவாட்டில் உருண்டு, புல்லில் வந்து உட்கார்ந்தாள். தட்டு கையிலேயே இருந்தது. "சாரோங் கட்டுனவங்க இடுப்பால நடக்கிறாங்க. நம்ம சேலைக்காரங்க முட்டியால நடக்கிறோம்" என்றாள், முதுகில் ஒட்டிய புல்லோடு. என் அம்மா மார்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "பாவம் புள்ள, உனக்கு எதுக்குத் தாயி இந்த வேலையெல்லாம்?" என்றார். பாவம் என்று சொன்னால் அவளுக்குக் காது கேட்காது.

அது மெர்டேக்கா வருஷம், நாடு விடுதலையாகிற வருஷம். ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் திடலில் அணிநடை போட வேண்டும் என்று உத்தரவு. தினமும் வெயிலில் ஒத்திகை. இடது, வலது. கால் மாற்றிப் போட்ட பிள்ளைக்கு முதுகில் ஓர் அடி. அவள் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு அதைப் பார்ப்பாள். "சுதந்திரம் வரப்போகுதாம். அதுக்கு எல்லாரும் ஒரே மாதிரி நடக்கணுமாம்" என்றாள் என் காதில். நான் பயந்து போய் அவள் கையைக் கிள்ளினேன்.

அவளுடைய வகுப்பில் பிள்ளைகள் அணிவகுக்க மாட்டார்கள். திடலில் ஆளுக்கோர் இடம் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். கையை நீட்டினால் யார்மீதும் படக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அந்த இடத்துக்குள் உயரமாகப் போ, தாழ்வாகப் போ, கனமாக நட, சத்தமில்லாமல் நட என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பேன் பார்க்கிற குரங்குக் கூட்டம் மாதிரி இருக்கு" என்பார். அவளும் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு தெங்கேரா கடற்கரைக்குப் போனேன். கடல் உள்வாங்கிச் சேறாகக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் இரண்டடி வைத்தேன். கால் கெண்டைவரை புதைந்துகொண்டது. எடுத்தால் அடுத்த கால் புதைகிறது. அவள் தொடையை அழுத்தி, குதிகாலைத் திருப்பி, சேற்றிலிருந்து காலை உருவி உருவி எங்கேயோ போய்விட்டாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"வாடி இங்க. இங்க எல்லாரும் என்னை மாதிரிதான் நடக்கணும்."

நான் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பால் வந்ததா என்று தெரியவில்லை. இவள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று மனசு முழுக்க ஆசையாக இருந்தது.

ஆனால் இருக்க மாட்டாள். அதுதான் நடைமுறை. பயிற்சியில் தேறியவர்களை ஜனவரியில் ஆள் இல்லாத தோட்டப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்து எனக்கு உள்ளூரிலேயே இடம் வாங்கியாகிவிட்டது. அவளுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. வடக்கே கெடாவோ பேராக்கோ, எங்கே ஆள் தேவையோ அங்கே. தேறாதவர்கள் மட்டும் அதே பள்ளியில் இன்னொரு வருஷம் இருந்து மறுபடி தேர்வு எழுதலாம். ஒரு தடவைதான் அந்தச் சலுகை. இதை நான் எத்தனை முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

கடைசித் தேர்வு உடற்கல்வி. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து, நாங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். என் முறை முதலில் வந்தது. பந்து பிடித்தல். பத்து நாள் அதே பிள்ளைகளை வைத்து அதே பாடத்தை ஒத்திகை பார்த்திருந்தேன். விளைவு, நான் விசில் ஊதுவதற்குள் பிள்ளைகள் பந்தைப் போட்டுப் பிடித்து முடித்து அடுத்த வரிசைக்குப் போய் நின்றுவிட்டார்கள். "உங்க பிள்ளைங்க உங்களைவிட வேகமா இருக்காங்க" என்றார் தேர்வாளர். விளிம்பில்தான் தேறினேன். வீட்டில் அதை அவள் நடித்துக் காட்டினாள். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினார். எனக்குக் கோபம், இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவளுக்கு வந்தது, ஓடிவந்து கயிற்றைத் தாண்டிக் குதித்தல்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மளிகைக்கடை வாசலில் பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

"உன் கூட்டாளிகிட்ட ஒரு விஷயம் சொல்லிடும்மா. செய்து காட்டுறதுக்குத் தனியா மார்க் இருக்கு. அவங்களுக்குப் பதிலா ஒரு புள்ளைய முன்னால நிறுத்திச் செய்ய வைக்கலாம். ஆனா பாடக்குறிப்புல அத முன்கூட்டியே எழுதியிருக்கணும். எழுதலன்னா டீச்சரேதான் செய்யணும். வர்றவரு ரொம்ப ஸ்ட்ரிக்ட். மறந்துடாத."

மறக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். அவள் அப்போதுதான் பாடக்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். "கடையில என்னடி இவ்ளோ நேரம்?" என்றாள். "கூட்டம்" என்றேன். ஒரே ஒரு வரி. சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் எழுதியிருப்பாள். ஒரு வருஷம்தானே, அடுத்த வருஷம் தேறிக்கொள்ளட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுடைய தூளி என் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது. தள்ளிவிட்டேன்.

தேர்வன்று கயிற்றின் ஒரு முனையை வராந்தாத் தூணில் கட்டியிருந்தோம். மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் என்னைக் கேட்டாள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். முப்பது பிள்ளைகள், இரண்டாம் வகுப்பு. தேர்வாளர் பாடக்குறிப்பை இரண்டு முறை புரட்டினார்.

"செய்து காட்டல் யாருன்னு போடலையே. அப்ப நீங்கதான் காட்டணும்" என்றார். அவள் காலை அவர் அதுவரை கவனித்திருக்கவில்லை. கவனித்ததும் முகம் மாறியது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். பத்தடி பின்னால் போய், தொடையை அழுத்தி அழுத்தி ஓடிவந்தாள். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியுமா தெரியாது. வலது காலை ஊன்றி எழும்பினாள். கயிறு தட்டவில்லை. இறங்கிய இடத்தில் இடது கால் மடிந்தது. பக்கவாட்டில் விழுந்து, ஒரு சுற்று உருண்டு புல்லில் உட்கார்ந்தாள்.

என் கையிலிருந்த கயிறு நழுவியது. சட்டென்று எடுத்துப் பிடித்தேன்.

அந்தக் காலத்துப் பிள்ளைகள். டீச்சர் தும்மினால் தும்முவார்கள். வரிசையில் முதலில் நின்ற சிறுமி தன் தொடையில் இடது கையை அழுத்திக்கொண்டு ஓடிவந்தாள். தாண்டினாள். தொப்பென்று விழுந்து ஒரு சுற்று உருண்டாள். அடுத்தது ஒருவன், அதேபோல. அதற்கடுத்தவன். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. டீச்சர் காட்டியதைத் தப்பில்லாமல் செய்ய வேண்டும் என்கிற கவலைதான். நான்கைந்து பேர் புல்லில் கிடந்தபோது தேர்வாளர் பேனாவை மூடினார்.

அவள் எழவில்லை. உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் நில்லுங்க. டேய், நீ கையை ஊனி விழுந்த. மணிக்கட்டு போயிடும். இங்க பாரு, தோள உள்ள வாங்கு. முட்டிய மடக்கு. பக்கமா உருளு. உருண்டு முடிச்சதும் எந்தக் காலு அடியில இருக்கோ அதை ஊனி எழுந்திரு."

எழுந்து காட்டினாள். மறுபடி விழுந்து காட்டினாள். அவளுக்குத்தான் தெரியுமே, எத்தனை விதமாக விழலாம் என்று. முப்பது பிள்ளைகளும் அரைமணி நேரம் விழுந்தார்கள். வேகமாக, மெதுவாக, வலப்பக்கம், இடப்பக்கம். ஒத்திகையில் கயிற்றைக் கண்டாலே அழுதுகொண்டு ஓடிய ஒரு குண்டுப் பெண் இருந்தாள். விழத் தெரிந்த பிறகு அவளும் ஓடிவந்து தாண்டினாள். நான்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமியின் பாதம் என் முகத்துக்கு நேரே பறந்து போனதைப் பார்த்தேன்.

"இது குறிப்புல இல்லையேம்மா" என்றார் தேர்வாளர் முடிவில்.

"விழறதை யாரும் குறிப்புல எழுதறதில்லைங்க ஐயா. அதான் புள்ளைங்க தாண்ட பயப்படுதுங்க."

அவர் நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பயிற்சி வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண்.

முடிவு தெரிந்த அன்று பயிற்சியாளர் ஆபீஸ் அறையில் எங்கள் இருவருக்கும் தேநீர் வரவழைத்தார். சந்தோஷம் தாங்காமல், "ஆனா என்னை ரொம்ப பயமுறுத்திட்டீங்கம்மா. ஒரு புள்ளைய முன்னால நிறுத்தலாம்னு இவகிட்ட சொல்லி அனுப்பினேனே, ஏன் எழுதல?" என்றார்.

அவள் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"சொன்னா சார். நான்தான் வேணாம்னு விட்டுட்டேன்."

வீடுவரை ஒன்றாகத்தான் நடந்தோம். சுவரொட்டி, கொடி, பெச்சா ரிக்ஷாக்காரர் எதைப் பற்றியும் அவள் பேசவில்லை. எதிரே வந்த யாருடைய காலையும் பார்க்கவில்லை. நான் இப்போது சொல்லிவிடலாம், இந்த மூலை தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வீடு வந்துவிட்டது. அம்மா வாசலில் ஆரத்தி வைத்துக்கொண்டு நின்றார்.

ஜனவரியில் கெடாவில் ஒரு தோட்டப் பள்ளிக்கு உத்தரவு வந்தது. பஸ் ஸ்டாண்டில் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என்னிடம், "அத்தையப் பாத்துக்க" என்றாள், என் அம்மாவைக் காட்டி. வேறொன்றும் இல்லை. பஸ் கிளம்பிய பிறகு ஜன்னலில் அவள் கை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

இரண்டு கடிதங்கள் வந்தன. என்னை வாடி போடி என்று தவிர வேறு விதமாக அவள் அழைத்ததே இல்லை. முதல் கடிதம், 'அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, தாங்கள் நலம்தானே' என்று தொடங்கியது. இரண்டாவதும் அப்படியே. அழகான கையெழுத்து. பள்ளியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி. தாங்கள், தங்கள், தங்களுக்கு. நான் படித்துவிட்டு அழுதேன். அம்மா, "என்ன, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நான் போட்ட பதில்களிலும் மழையைப் பற்றித்தான் எழுதினேன். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. பள்ளி மாறிவிட்டாள் என்றார்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர்.

நான் விளிம்பில் தேறியவள். அவள் நடித்துக் காட்டிக் கேலி செய்ததற்கு இரண்டு நாள் முகம் தூக்கியவள். அவள் வேறென்ன நினைத்திருப்பாள்? பொறாமைக்காரி என்றுதான் நினைத்திருப்பாள். அந்த நினைப்போடுதான் பஸ்ஸில் ஏறியிருப்பாள். அதை என்னிடம் கேட்காமல், யாரிடமும் காட்டிக்கொடுக்காமல், என் மானத்தையும் காப்பாற்றிவிட்டுப் போனாள். நிஜமாகவே பொறாமையாக இருந்திருந்தால்கூட இத்தனை வருஷத்தில் என் மனசு ஆறியிருக்கும்.

பொறாமை இல்லையடி. நீ தேறினால் போய்விடுவாய் என்றுதான் சொல்லவில்லை. நீ போகக் கூடாது என்று ஆசைப்பட்டேன். உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியவில்லை.